ராத்திரிப் பசி

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். அப்படியிருந்தும் பெற்றவளுக்குத் தூக்கமில்லை. ஏன்?

அந்தத் தூக்கம் துண்டு துண்டானது. குழந்தையின் இரைப்பை சிறியது; தாய்ப்பாலோ சீக்கிரம் செரித்துவிடும். அதனால் நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கேட்கும். பகல் எது, இரவு எது என்று அதன் உடம்புக்குப் பிடிபடவே 2, 3 மாதம் ஆகும்.

பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். ராத்திரி ஊட்டுவது நாளைய பாலுக்கும் வழி செய்கிறது.

குழந்தை அழுதவுடனே, "பால் பத்தலையோ?" என்று அந்தப் பெண்ணைக் கலங்க வைக்காதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு, நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்க அவளால்தான் முடியும். தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தொட்டில் ஆட்டுவது, சமைப்பது எல்லாம் அப்பாவும் செய்யலாம், தாத்தா பாட்டியும் செய்யலாம். பகலில் குழந்தை கண்ணயர்ந்ததும் அவளையும் படுக்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தாயின் தூக்கத்தைக் காப்பது வீட்டார் அத்தனை பேரின் பொறுப்பு.