மொய்த் தொகையும் பகா எண்ணும்



கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது வெறும் 100, 500, 1000 என்று எழுத நமக்கு மனம் வராது. கூட ஒரு ரூபாய் சேர்த்து 101, 501, 1001 என்றுதான் வைப்போம். ஒன்றைச் சேர்த்தால் தொகை பிரிபடாது, அதுபோல உறவும் பிரியாது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. உறவை இரு வீட்டாரும் பார்த்துக்கொள்ளட்டும். தொகை பிரிபடுமா என்பதை நாம் பார்த்துவிடலாம்.

ஒன்றைவிடப் பெரிய ஓர் எண், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபட்டால் அது பகா எண். வேறு எண்ணாலும் வகுபட்டால் பகு எண். 1 இரண்டிலும் சேராது.

நம் மூன்று தொகைகளும் 1இல் முடிகின்றன. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டுங்கள். 501இல் 5, 0, 1 சேர்ந்தால் 6. அது 3ஆல் வகுபடும். ஆகவே 501ம் வகுபடும். மூன்று பேருக்கு ஆளுக்கு 167 ரூபாய்! இது எப்படி? ஒரு நூறு ரூபாயை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 33 போக 1 ரூபாய் மிஞ்சும். ஐந்து நூறுக்கு 5 ரூபாய். கூடுதலாக வைத்த 1 ரூபாயையும் சேர்த்தால் 6. அதையும் மூவர் பங்கிடலாம். இலக்கங்களைக் கூட்டுவது இந்த மிச்சத்தைக் கூட்டுவதுதான்.

1001க்கு இலக்கக் கூட்டல் 2. எனவே 3 உதவாது. 11ஐப் பார்ப்போம். ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டினால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 1. வித்தியாசம் 0. அப்படி வந்தால் 11ஆல் வகுபடும். 1001 என்பது 11 பெருக்கல் 91. அந்த 91ம் 7 பெருக்கல் 13. ஆக 1001 நன்றாகவே பிரிபடுகிறது.

மிச்சம் 101. மூன்றால் வகுபடாது. ஏழுக்கு, கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதி எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 10இல் 2 போனால் 8. அது ஏழால் வகுபடாது, ஆகவே 101ம் வகுபடாது. இத்தோடு நிறுத்திவிடலாம். ஏனென்றால் 101 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், இரண்டும் சேர்ந்தே 10ஐத் தாண்ட முடியாது, ஒன்றாவது பத்துக்குள் இருக்க வேண்டும். 11 பெருக்கல் 11 என்பதே 121 ஆகிவிடுகிறதே! பத்துக்குள் உள்ள பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டும்தான். நான்கும் தோற்றுவிட்டன. 101 பகா எண்.

நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணிடம் இந்த விதிகள் அதிக தூரம் போகாது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது மகா கடினம். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய ரகசியக் குறியீட்டு முறைக்கு இந்தக் கடினம்தான் காவல்.

அடுத்த கல்யாணத்துக்குள் 151, 251, 551 மூன்றையும் சோதித்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று மட்டும் பகு எண். பிரிபடாத மொய் வைக்க நினைப்பவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.