வாசலில் நிற்கும் வடிகாலும் காண்ட்ராக்டர் படும் பாடும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் "அரசு ஒப்பந்தப் பணிகள்: இன்றைய நிலை" என்ற தலைப்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தலைவர் சார் என்னைப் பேச அழைத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நம் மெயின் கேட்டுக்கு எதிரே மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. ஐந்து மாதமாகப் பலகை போட்டு அதன்மேல் காரை ஏற்றி இறக்குகிறோம். போன மாதம் ஏ பிளாக் பெரியவர் ஒருவர் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் தடுக்கி விழுந்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "காண்ட்ராக்டர்கள் எல்லாருமே திருடர்கள்" என்று எழுதினார். அதே குழுவில் நானும் இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக அரசு வேலை எடுத்துச் செய்கிற சிவில் காண்ட்ராக்டர். அந்த வடிகால் வேலை என்னுடையது அல்ல. ஆனாலும் பதில் சொல்லத் தோன்றியது.

எங்கள் தொழிலில் தப்பே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. நடக்கிறது. ஏன் நடக்கிறது, வேலை ஏன் நிற்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

குறைந்த விலைக்கே வேலை

தமிழ்நாட்டில் அரசு டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கின்றன. தகுதி உள்ளவர்களில் யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே வேலை. முன்பு பெட்டியில் கவர் போட வேண்டும். போட விடாமல் தடுக்க ஆள் நிற்பார்கள். இப்போது டெண்டர் ஆன்லைனில் நடக்கிறது. அந்தத் தொல்லை குறைந்தது, நல்லதுதான். ஆனால் போட்டி அதிகமாகிவிட்டது. எஸ்டிமேட்டை விட 20, 25 சதவீதம் குறைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நானும் போட்டிருக்கிறேன். 2014-இல் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒரு கால்வாய் வேலையை 22 சதவீதம் குறைத்து எடுத்தேன். செலவைச் சரிக்கட்ட, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் நாட்களைக் குறைத்தேன். பொறியாளர் பார்த்துவிட்டு முப்பது மீட்டரை இடித்துக் கட்டச் சொன்னார். நியாயம்தான். மிச்சம் பிடிக்கப் பார்த்ததைப்போல் மூன்று மடங்கு செலவு. விலையை மட்டும் பார்த்து வேலை கொடுத்தால், எங்கேயோ ஓர் இடத்தில் அது வெளிப்படும். அது உங்கள் வாசலாகவும் இருக்கலாம்.

மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதலில், சில வகை வேலைகளுக்குத் தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் நம் தெரு வடிகால் மாதிரிச் சின்ன வேலைகளில் இன்றும் விலைதான் எல்லாம்.

பணம் எங்கே நிற்கிறது

வேலை முடிந்ததும் காசு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறீர்கள். உதவிப் பொறியாளர் அளந்து எம்-புக்கில் எழுத வேண்டும். மேலே இருப்பவர்கள் சரிபார்க்க வேண்டும். பிறகு நிதி வர வேண்டும். பில் பாஸ் ஆனாலும் முழுத்தொகை கைக்கு வராது. என்னைப் போன்ற தனிநபருக்கு வருமான வரி 1 சதவீதம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், கட்டுமானத் தொழிலாளர் நலநிதி 1 சதவீதம். பராமரிப்புக் காலம் முடியும் வரை நிறுத்திவைக்கும் தொகை வேறு. வரிப் பிடித்தம் பின்னால் கணக்கில் சேரும், உண்மைதான். ஆனால் சனிக்கிழமை கூலிக்கு அது உதவாது.

அதே 2021 வழிகாட்டுதலில், பில் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் 75 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது மத்திய அரசு வேலைகளுக்கு. எனக்கு ஓர் உள்ளாட்சி வேலையில் கடைசி பில் வர பதினொரு மாதம் ஆனது. அந்தப் பதினொரு மாதமும் ஜல்லிக்காரர், கம்பிக்காரர், வங்கி, மூன்று பேருக்கும் நான் பதில் சொன்னேன். என் மனைவியின் வளையல்கள் இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தன. சொல்ல வெட்கமில்லை, இந்தத் தொழிலில் இது சகஜம்.

வரியும் விலையும்

அரசுக்குச் செய்யும் சாலை, வடிகால் வேலைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆனது. ஒரு கோடி ரூபாய் வேலைக்கு ஆறு லட்சம் கூடுதல். புது எஸ்டிமேட்டில் சேர்த்துவிடலாம். நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கு? கொடுக்கலாமா கூடாதா என்று கோப்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பணம் வந்ததோ இல்லையோ, இன்வாய்ஸ் போட்டால் அடுத்த மாதம் வரி கட்டியாக வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. எங்கள் கைமுதல் வரியில் முடங்குவது கொஞ்சம் குறையும். ஆனால் கம்பி, எம்-சாண்ட், டீசல் விலை டெண்டர் போட்ட அன்று இருந்த மாதிரி வேலை நடக்கும்போது இருப்பதில்லை. சின்ன ஒப்பந்தங்களில் விலை ஏற்றத்துக்கு ஈடு கிடையாது.

ஆட்கள் விஷயமும் அப்படித்தான். என்னிடம் கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசா, பீகார்க்காரர்கள். தேர்தல், ஹோலி, சத் பூஜை என்று ஊருக்குப் போனால் திரும்ப ஒரு மாதம். பிறகு வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்கு எத்தனை மாதம் தோண்ட முடியும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் வாசலில் நடந்தது

போன வாரம் அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். நம் கேட்டுக்கு நேராக மின் கேபிளும் குடிநீர்க் குழாயும் குறுக்கே போகின்றன. அவற்றை மாற்றாமல் வடிகால் சுவர் எழுப்ப முடியாது. மாற்ற வேண்டியது வேறு துறை. அவர்களுக்குப் பணம் கட்டி, அனுமதி வாங்கி, ஆள் வர வேண்டும். அதுவரை காண்ட்ராக்டர் ஆட்களை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடுவார். அது அவர் பிழைப்பு. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குத் தொப்பி போடாததும், தடுப்பும் சிவப்பு விளக்கும் வைக்காததும் அவர் தப்புதான். அதற்கு நிதி, கேபிள் எந்தச் சாக்கும் செல்லாது. பெரியவர் கை முறிந்ததற்கு அதுதான் காரணம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: வேலை நடக்கும் இடத்தில் திட்டப் பலகை இருக்கிறதா பாருங்கள். மதிப்பு, முடிக்க வேண்டிய தேதி, பராமரிப்புக் காலம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பராமரிப்புக் காலத்துக்குள் உடைந்தால் காண்ட்ராக்டர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தத் தேதி தாண்டிய பிறகு புகார் செய்தால் பயன் குறைவு.

இரண்டு: கூலியாட்களிடம் சண்டை வேண்டாம். அவர்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. பகுதி உதவிப் பொறியாளருக்குத் தேதி போட்ட படத்துடன் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று: 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எஸ்டிமேட், எம்-புக் நகல் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தச் சட்டப்படி வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் உரிமை உண்டு. ஒழுங்காக வேலை செய்கிற காண்ட்ராக்டர் இதற்குப் பயப்பட மாட்டார். சொல்லப்போனால், குறைத்துப் போட்டு மோசமாகச் செய்கிறவரிடமிருந்து எங்களைக் காப்பாற்றுவதே உங்கள் கேள்விதான்.

நான்கு: கேபிள் மாற்றுவதற்குச் சங்கத்தின் பெயரில் இரண்டு துறைக்கும் ஒரே கடிதம் கொடுப்போம். இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போவோம். நான் கூட வருகிறேன். எந்த மேஜையில் கோப்பு நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெயின் கேட்டில் கூடுவோம். கம்பிகளுக்குத் தொப்பி போட பிளாஸ்டிக் பாட்டில்களும், கட்டக் கயிறும், சிவப்புத் துணியும் கொண்டு வாருங்கள். துறை வந்து செய்யும் வரை இன்னொருவர் விழக் கூடாது. திருடர்கள் என்று எழுதிய நண்பரும் அவசியம் வர வேண்டும். டீ என் செலவு.