நிலைத்து நிற்கும் கைகள்

(சேதராப்பட்டில் சிறுதொழில் நடத்துவோரிடையே நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்திற்கு நடந்து வரும் வழியிலேயே எமது பேச்சுக்குரிய பொருள் எமக்குக் கிடைத்துவிட்டது. மயிலம் சாலையிலிருந்து தொழிற்பேட்டைக்குள் திரும்பியதும், வாயில்தோறும் ‘ஆட்கள் தேவை’ என்ற பலகையைக் கண்டோம். சில பலகைகள் வெயிலில் வெளுத்து எழுத்து மங்கியிருந்தன. ஆள் வேண்டுமென்று ஒரு மாதம் பலகை தொங்கினால், அத்தொழில் வளர்கிறது என்று பொருள். ஆண்டு முழுவதும் தொங்கினால், உள்ளே போனவர் யாரும் தங்குவதில்லை என்று பொருள். இதை நாம் உணர்கிறோமோ இல்லையோ, சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள்.

1974ஆம் ஆண்டில் பிப்டிக் எனப்படும் தொழில் மேம்பாட்டுக் கழகம் புதுவையில் தோன்றியது. அது பின்னர் அமைத்த பேட்டைகளுள் ஒன்று இந்தச் சேதராப்பட்டுப் பேட்டை. வரிச்சலுகையை நாடி இப்பிரதேசத்துக்கு வந்த தொழில்கள் பல. சலுகை தீர்ந்ததும் மூட்டை கட்டியவையும் உண்டு. எஞ்சி நிற்பவர்களுக்கு இன்று சலுகை பெரிய துணையன்று. கைதேர்ந்த ஆட்களே துணை. அவர்களோ வில்லியனூர்ப் பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அப்பாலுள்ள வானூர் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்தும் வருகிறவர்கள். வேலை பிடிக்கவில்லையென்றால், அவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. அடுத்த வாயிலுக்குப் போனாற் போதும்.

பிறர் குறையைச் சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நடத்தும் சிறிய லேத் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் ஒருவர் டர்னராக இருந்தார். டூல் மழுங்குவதை அளந்து பார்க்காமல் ஓசையைக் கொண்டே அறிகிறவர். ஒரு நாள், அடுத்த மாதம் முதல் வரவில்லை என்றார். வேறிடத்தில் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது எண்ணூறு ரூபாய் என்று தெரிந்தது. “எண்ணூறு ரூபாய்க்கு ஒன்பது ஆண்டு உறவை விட்டாரே” என்று நாங்கள் பேசாத இடமில்லை.

அவருக்குப் பின் இருவரை அடுத்தடுத்து அமர்த்தினோம். முதல்வர் பதினைந்து நாள் இருந்தார். இரண்டாமவர் நல்லவர், ஆனால் எங்கள் பழைய இயந்திரத்தின் குணம் அவருக்குப் பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் வீணான இரும்பும், திரும்பி வந்த சரக்கும், கைவிட்டுப் போன ஒரு வாடிக்கையும் சேர்ந்து, அந்த எண்ணூறு ரூபாயைப் பல ஆண்டுகளுக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையாயின.

பிறகு ஒரு திருமண வீட்டில் அவர் மனைவியாரைக் கண்டோம். அந்த அம்மையார் சொன்ன பிறகுதான் உண்மை விளங்கியது. இரண்டு முறை நாங்கள் சம்பளத்தைப் பதினைந்தாம் தேதி வரை தள்ளியிருந்தோம். அவர்கள் சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள் பத்தாம் தேதி. சீட்டு எடுத்த பின் தவணை தவறியதால் தெருவில் நாலு பேர் எதிரே பேச்சுக் கேட்க நேர்ந்ததாம். அந்த மாதங்களில் எங்கள் கையில் பணம் இல்லாமலில்லை. விலை ஏறுமுன் இரும்பு வாங்கிப் போட்டிருந்தோம். இரும்பில் மிச்சம் பிடித்து ஆளை இழந்தோம்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று தொழிலாளிக்கு நினைவூட்டுவதில் நமக்குச் சலிப்பே இல்லை. யாருடைய உப்பை யார் உண்கிறோம் என்பது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம்.

உலகத்தில் பெரிய முதலாளிகளும் இதைப் பட்டே கற்றார்கள். 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி போர்டின் மோட்டார் தொழிற்சாலையில் ஏறத்தாழ பதினாலாயிரம் பேரை நிறுத்திவைப்பதற்கு, அந்த ஓராண்டில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்து, நாட்கூலியை ஐந்து டாலராக, அதாவது ஏறக்குறைய இருமடங்காக, உயர்த்தினார். ஆட்கள் போய்க்கொண்டேயிருப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அக்கூலியை முழுமையாகப் பெறுவோரின் வீட்டு ஒழுக்கத்தை ஆராய அவர் ஆள் அனுப்பியதை நாம் பின்பற்ற வேண்டாம்.

எட்டு மணி வேலைக்கு நம் புதுவை கொடுத்த விலை வேறு. 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் நடத்திய அப்போராட்டத்தின் பயனாக, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த ஆலைகள் ஓய்ந்துவிட்டன, ஏ.எப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டது. எனினும் நேரக் கணக்கில் தமக்குரிமை உண்டென்ற உணர்வு இந்த மண்ணில் நிற்கிறது. மணியடித்த பின்னும் “இன்னும் ஒரு லோடு” என்று நிறுத்திவைத்து, அதற்கு மிகைநேரக் கூலியும் கொடாதவரிடம் இவ்வூரார் தங்கமாட்டார்கள். தங்குவார்களென்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

இனிப் பணிக்கொடையைப் பற்றி. சிலர் ஐந்தாம் ஆண்டு நெருங்கும்போது ஆளை நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்துப் புதியவரைப் போல மறுபடி சேர்த்துக்கொள்வதைக் காண்கிறோம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய கணக்கின்படி, ஓராண்டுக்குப் பதினைந்து நாட் சம்பளம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து நாட்சம்பளம் காண்பது. அடிப்படைச் சம்பளம் 15,600 ரூபாயானால் நாளுக்கு 600, ஆண்டுக்கு 9,000. மாதக் கணக்கில் 750 ரூபாய்தான். இதை மிச்சப்படுத்துவதற்காக, ஐந்தாண்டு பழகிய கையை அந்நியமாக்கிக்கொள்கிறோம். குறித்த காலத்துக்கென்று அமர்த்தப்படுவோருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டென்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் கூறுவதால், அந்தத் தந்திரத்துக்கும் இனி இடம் குறைவு. வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பதைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. அது ஆளை நிறுத்தும் பிரச்சினையன்று, குற்றம்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கட்டுமானம் கட்டும் பிரிவிலும் சோதனைப் பிரிவிலும் அவர்கள் கையே மிகுதி. திருமணமானால் நின்றுவிடுவார்கள் என்று நாமே முடிவு கட்டி அவர்களுக்குப் புது வேலை கற்பிப்பதில்லை. கற்பிக்காததால் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்பது 2017 முதல் சட்டம். அதற்குக் குறைந்த பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து ஓர் அறை எடுத்து ஓர் அம்மாளை அமர்த்துவது இயலாத காரியமா? இரவு முறை முடிந்து பஸ் கிடைக்காமல் சாலையோரம் நிற்கும் பெண்ணின் தகப்பனார், மறுநாள் அவரை வேலைக்கு அனுப்ப யோசிப்பதில் வியப்பென்ன?

மாசி மகத்துக்கும், மயிலத்துப் பங்குனி உத்திரத்துக்கும், சொந்த நிலத்தில் அறுவடைக்கும் இவர்கள் விடுப்புக் கேட்பார்கள். ஆண்டுதோறும் வருகிற நாட்கள்தாமே! முன்கூட்டியே குறித்துவைத்து வேலையை ஒழுங்கு செய்யாமல், அன்று காலை மேஸ்திரியை விட்டுத் திட்டச் சொல்வது நம் வழக்கம். மேஸ்திரியின் நாவினால் போனவர்கள், கூலி குறைவால் போனவர்களைவிடக் குறைவல்லர்.

எல்லாரையும் பிடித்துவைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மேற்படிப்புக்கோ சொந்தத் தொழிலுக்கோ போகிறவரைக் கணக்குத் தீர்த்து, சான்றிதழ் கொடுத்து, வாழ்த்தியனுப்புவதே மரியாதை. அவர் தம்பி நம்மிடம் வருவான்.

எங்கள் பழைய டர்னர் திரும்பி வரவில்லை. அவரைக் கேட்கவும் எங்களுக்கு முகமில்லை. அதன் பின் சம்பளத்துக்கென்று வங்கியில் தனிக் கணக்கு வைத்தோம். சரக்கு விற்ற பணத்தில் முதலில் அதில் போட்ட பிறகே இரும்புக்குப் போகிறோம். ஏழாந்தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமையும் மாதங்களும் உண்டு. அம்மாதங்களில் சனிக்கிழமை மாலைக்குள் நீங்களும் கொடுத்துவிட ஏற்பாடு செய்யுங்கள்.