தீவக மாணவனும் சட்டக் கல்வியும்

நெடுந்தீவு மாணவனொருவன் சட்டம் பயில விரும்பின், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமா, கொழும்புப் பல்கலைக்கழகமா என்னும் வினா எழுகின்றது. யாழ்ப்பாணமும் அவனுக்கு அண்மையிலன்று. குறிகாட்டுவான் வரை படகு, அதன்பின் பேருந்து. எங்குப் பட்டம் பெற்றாலும், சட்டத்தரணியாவதற்குக் கொழும்பு, புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேறவே வேண்டும். ஆகவே, யாழ்ப்பாணத்தைத் தெரிந்தவன் கொழும்பைத் தவிர்த்தவனல்லன். அப்பயணத்தைச் சில ஆண்டுகள் பிற்போட்டவனே.

அவ்வாண்டுகள் வீணாவனவல்ல. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமை இன்றும் வடபுலத்துக் காணிகளை ஆள்கின்றது. பங்குக் காணியை அயலாருக்கு விற்குமுன் ஏனைய பங்காளருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதை, நூலைத் தொடுமுன்னரே, கல்வேலிச் சச்சரவுகளில் தீவுச் சிறுவன் கேட்டிருப்பான்! கொழும்பில் உயர் நீதிமன்றம் உண்டு, தங்கும் செலவும் உண்டு. அச்செலவை உடன் தாங்கவியலாத குடும்பத்துக்கு இந்த அவகாசம் பெரிது.