காட்டைப் பார்க்கும் வீடு



எங்கள் வீட்டு மணிக்கு இப்போது ஒன்பது வயது. மதுரையில் ஒரு மழைநாளில் நனைந்த குட்டியாக எங்கள் வாசற்படி ஏறி வந்த நாட்டு நாய். அவனை விட்டுவிட்டு ஊருக்குப் போனால் இரண்டு நாள் சோற்றைத் தொடமாட்டான். பக்கத்து வீட்டார் வைத்த தட்டு வைத்தபடியே கிடக்கும். அதனால் நான்கு வருஷத்துக்கு முன் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். இனி விடுமுறைக்குப் போனால் மணியும் வருவான்.

முதல் பயணத்துக்கு ராஜபாளையம் பக்கம்தான் மனசில் வந்தது. மதுரையிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். மேற்கே மலை, அடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும், தோப்புக்குள் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள். நாய்க்குப் பேர்போன ஊர் வேறு. தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நாயோட வரலாமா?"

"தாராளமா கூட்டிட்டு வாங்கம்மா. நம்ம ஊர்ல நாய்க்கு என்ன குறை?"

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, வரலாம் என்றால் வேலிக்குள் வரலாம் என்று பொருள். வீட்டுக்குள் விடக் கூடாது. பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு சங்கிலி. ஏப்ரல் மாதத்து வெயில். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். அந்தத் தகரத்தின் கீழே மணி நாக்கைத் தொங்கப் போட்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலமே மதுரைக்குத் திரும்பிவிட்டோம். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு முறை அந்தப் பக்கம் மணியோடு தங்கிவந்திருக்கிறோம். அந்த அனுபவத்தில்தான் இன்று உங்களோடு பேசுகிறேன்.

ராஜபாளையம் நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, இரண்டடிக்கு மேல் உயரம். அந்நியரைச் சட்டென்று ஏற்காது. பாளையக்காரர் காலம் தொட்டு வளர்த்துவருவதாக ஊரில் சொல்வார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பழக்கப்பட்ட இனம். 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். சென்னை சைதாப்பேட்டையில் அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்திய நாய் வளர்ப்பு நிலையத்தில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை இனங்களைப் பல ஆண்டுகள் காத்துவந்தார்கள். இவ்வளவு பெருமை உள்ள ஊர்தான். ஆனால் அங்கே நாய் என்றால் தோப்புக்குக் காவல் என்றுதான் அர்த்தம். கட்டிலுக்குக் கீழே படுத்துறங்கும் நகரத்து நாயை அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியது நம் பொறுப்பு.

சரி, வீட்டை எங்கே பார்ப்பது? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தங்குமிடம் தேடும் எல்லோருக்கும் மலையடிவாரத்தில்தான் ஆசை. அய்யனார் கோவில் ஓடைப் பக்கம், செண்பகத்தோப்புப் பக்கம் என்று தேடுவார்கள். ஓடைச் சத்தம் கேட்க வேண்டும், கதவைத் திறந்தால் காடு தெரிய வேண்டும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இப்போது நாயோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: காட்டைப் பார்க்கிற வீட்டை எடுங்கள், காட்டை ஒட்டிய வீட்டை எடுக்காதீர்கள்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த மலை வெறும் மலை இல்லை. 1988இல் நரை அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. பூனை அளவுக்கு வளரும் அந்த அணில் தரையில் இறங்குவதே அபூர்வம். கிளையோடு கிளையாகத் தாவிப் போகும். 2021 பிப்ரவரியில் அந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டெருமை, செந்நாய் எல்லாம் அங்கே உண்டு. காப்பகத்துக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. அருவிக்குக் குளிக்கப் போகும்போது நாயையும் கூட்டிப்போகலாம் என்று நினைத்து வந்தால் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதுதான் சரி.

காப்பகத்துக்கு வெளியே, பட்டா நிலத்தில் இருக்கும் தோப்பு வீட்டில் தங்கச் சட்டம் தடுக்காது. ஆனால் சிறுத்தைக்கு எல்லைக்கல் தெரியாது. நாய் அதற்குச் சுலபமான இரை. இந்தியாவில் காட்டோரம் வாழும் சிறுத்தைகள் பல இடங்களில் ஊர் நாய்களைத் தின்றுதான் பிழைக்கின்றன. ராத்திரியில் திண்ணைத் தூணில் நாயைக் கட்டிப்போட்டால், அது ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும். ஒரு மாங்காய்க் காலத்தில் ஒரு தோட்டக்காரப் பெரியவர் என்னிடம் சொன்னார்: "காய் பழுக்கிற மாசம்மா. மேல இருந்து ஆனை இறங்கும். நாய் கொலைச்சுக்கிட்டே எதுத்துப் போகும், அப்புறம் பயந்து உங்க கால்கிட்டதான் ஓடி வரும். பின்னாடியே அது வரும்." "சரிங்கய்யா" என்று சொல்லி அன்றிரவு மணியை உள்ளே படுக்கவைத்துக் கதவைத் தாழிட்டோம். நாய் அழைத்துவரும் ஆபத்து நாயோடு நிற்பதில்லை, குழந்தையையும் சேர்த்துத்தான் தொடும்.

இது நம் பக்கத்து ஆபத்து. காட்டின் பக்கத்து ஆபத்து இதைவிடப் பெரிது, அதை யாரும் பேசுவதில்லை. டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ் நோய். நாய்க்கு மூக்கிலும் கண்ணிலும் சளி வடியும், இருமல், கழிச்சல், பிறகு வலிப்பு. இந்தக் கிருமி நாயோடு நிற்காது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்கள் இந்த நோயில் மடிந்தன. அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. பரிசோதனையில் அங்கும் டிஸ்டெம்பர் கிருமி தெரிந்தது. புலிக்கும் சிறுத்தைக்கும் இது தொற்றும். செந்நாய்க்குக் கேட்கவே வேண்டாம், அது நம் நாய்க்குச் சொந்தக்கார இனம். தடுப்பூசி போடாத ஒரு நாய் ஓடைக்கரையில் எச்சம் போட்டுவிட்டு வந்தால், அதே தடத்தில் ராத்திரி என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரக் கடைசியின் சந்தோஷத்துக்காக அந்தக் காட்டுக்கு இப்படி ஒரு கெடுதலைச் செய்ய நமக்கு உரிமையே கிடையாது.

அதனால்தான் சமவெளிப் பக்கத்து வீடு என்கிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் கிழக்கே கண்மாய்களை ஒட்டிய தோப்புகளைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்திருக்கும். கரையில் நின்றால் மேற்கே மலை வரிசை முழுவதும் தெரியும். அடிவாரத்தில் நின்றால்கூட அவ்வளவு மலை தெரியாது. மார்கழியிலிருந்து மாசி வரை காலைப் பனியும் இளவெயிலுமாக இருக்கும். நாயோடு போக அதுதான் காலம். சித்திரை, வைகாசியில் போகவே போகாதீர்கள். கண்மாய்க் கரையில் மட்டும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். நீர்ப்பறவைகள் இரை தேடும் இடத்தில் நாய் பாய்ந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் எழுந்து போய்விடும். தேங்கிய தண்ணீரைக் குடிக்கவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதில் வரலாம், நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றலாம்.

வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியவை உண்டு. முதலில், நாய் ராத்திரி எங்கே படுக்கும்? வீட்டுக்குள் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சுற்றுச்சுவரா, முள்வேலியா? கம்பி வேலியென்றால் மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்களா? சோலார் வேலி சுரீரென்று அடித்து விட்டுவிடும். பன்றிக்காக லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்திருந்தால் அது ஆளையே கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட. பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பார்களா, அவுட்டுக்காய் வைப்பார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்துவைக்கும் அந்தக் கொடுமை பன்றி வாயா நாய் வாயா என்று பார்த்து வெடிக்காது. எலி மருந்து வைத்திருக்கிறார்களா, தென்னைக்கும் மாமரத்துக்கும் மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று, இதுவும் முக்கியம்.

அந்தத் தோப்புக்கென்று ஏற்கெனவே காவல் நாய் உண்டா என்பதை நான் எப்போதும் கேட்பேன். ராஜபாளையத்தில் பெரும்பாலும் இருக்கும். அது தன் இடத்தில் இன்னொரு நாயைச் சும்மா விடாது. நாம் போகிற நாட்களில் அதைக் கட்டுவார்களா, வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவார்களா என்று தெரிந்தால்தான் நிம்மதி. அந்த நாயைக் கட்டிப்போட்டு நம் நாயை அவிழ்த்துவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாது. அது அதன் வீடு. அதனால் காவல் நாய் இல்லாத தோப்பாகவே பார்த்துப் போகிறோம்.

போய் இறங்கியதும் மணியைக் காரிலேயே ஐந்து நிமிஷம் நிறுத்தி, கதவு திறந்தபடி, ஒருவர் கூட இருக்க, நான் வளவைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுவேன். விறகு அடுக்கு, தென்னமட்டைக் குவியல், மூடாத கிணறு, உடைந்த பாட்டில். மட்டைக் குவியலில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். நாய் மூக்கை நுழைக்கிற முதல் இடமும் அதுதான். பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனை, ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் விரலால் தடவி உண்ணி பாருங்கள். மாடு மேயும் தோப்பில் உண்ணி இல்லாமல் இருக்காது.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுவதுமாக எடுத்தால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான். அந்த இருட்டுக் கூண்டில் ஒரு ராத்திரி முழுவதும் ரயில் சத்தத்தில் என் நாயை வைக்க மாட்டேன். பேருந்தும் வேண்டாம். கார் இருந்தால் கூட்டிப்போங்கள், இல்லாவிட்டால் பழக்கமான ஒருவரை வீட்டில் தங்கவையுங்கள்.

கடற்கரை பிடித்தவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அங்கும் கணக்கு இதேதான். தை முதல் பங்குனி வரை நம் கிழக்குக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். மணலைக் கிளறி முட்டையைத் தின்பவற்றில் நாயும் ஒன்று. அந்த மாதங்களில் ராத்திரிக் கடற்கரைக்கு நாயை அழைத்துப் போகாதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள் மனசில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் ஆண்டாள் கோவிலுக்குப் போவீர்கள், ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போகாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் வெயிலில் நின்ற கார் சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும். பால்கோவா வாங்குவீர்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். எத்தனை கெஞ்சினாலும் நாய்க்கு வேண்டாம். சுண்டிய பாலும் சீனியும் அதன் வயிற்றைக் கெடுக்கும்.

வரும் வழியில் அழகாக இருக்கிறதே என்று ஒரு வெள்ளை ராஜபாளையம் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வரவும் வேண்டாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017 விதிகள் சொல்கின்றன. அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் உண்டு. குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. காது கேளாத நாயைத் திறந்த தோப்பில் அவிழ்த்துவிட்டால் நீங்கள் கூப்பிடும் குரல் அதற்கு எட்டாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு இடமும் ஓட்டமும் கொடுக்க முடியுமென்றால் ஊருக்குப் போய் யோசித்து, பிறகு தனியாக வந்து வாங்குங்கள்.

மணி போன மார்கழியில் ஒரு கண்மாய்க்கரை வீட்டில் மூன்று நாள் இருந்தான். சிமெண்டுத் திண்ணையில் வெயில் விழும் மூலையாகப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வேளாவேளைக்குச் சோறு தின்றான்.

உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். வெறிநோய், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தாண்டியிருந்தாலும் ஊசியைப் போட்டுவிட்டுப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.