முகம் தெரியாதவர் இட்ட சோறு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் இன்று இரண்டு சைக்கிள்களின் கதையைச் சொல்லப் போகிறேன். இரண்டுமே உண்மையாக நடந்தவை.

முதல் சைக்கிள் 1931-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் சிங்கப்பூர் குயின் ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்டது. ஓட்டியவர் பெயர் ராம்நாத் பிஸ்வாஸ். சில்ஹெட் பகுதியில் பிறந்த வங்காளி. சிங்கப்பூர் வாழ் இந்தியர்கள் கூடி வழியனுப்பினார்கள். அவருடைய மூட்டையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ஜோடி செருப்பு, இரண்டு போர்வை, சைக்கிள் பழுது பார்க்கும் சாமான் பெட்டி. இதைக் கொண்டு நம் மலாயாவைக் கடந்து, சியாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று போனார் மனிதர்! பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சைக்கிளிலேயே பயணம் செய்து, பல பயண நூல்களை வங்காள மொழியில் எழுதினார்.

அந்த 1931 எப்படிப்பட்ட ஆண்டு? பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம். கித்தா விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. 1930 முதல் 1932 வரை பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் வேலையில்லாமல் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படி வயிறு காய்ந்த காலத்தில்தான் இந்த நாட்டின் வழியே அவர் மிதித்துப் போனார். அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு போகாதவன் யாரை நம்பிப் போகிறான்? போகிற ஊர்க்காரர்களை நம்பித்தானே!

இரண்டாவது சைக்கிள் டில்லியிலிருந்து புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த பிரத்யும்ன குமார் மஹானந்தியா என்னும் ஓவியர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே தீண்டாமையின் கொடுமையைப் பட்டவர். டில்லியில் ஓவியம் படித்துக்கொண்டே, தெருவில் உட்கார்ந்து மனிதர்களின் முகங்களை வரைந்து பிழைத்தார். அங்கே சுவீடன் நாட்டுப் பெண் ஒருவரைச் சந்தித்து மணந்துகொண்டார். மனைவி ஊர் திரும்பினார். இவரிடம் விமானச் சீட்டு வாங்கப் பணமில்லை. இருந்ததை விற்றுப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, 1977 ஜனவரியில் கிளம்பிவிட்டார்!

ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி என்று போனது அந்தச் சைக்கிள். பாஷை தெரியாத ஊர்களில் பென்சில்தான் அவருக்குப் பாஷை. எதிரில் இருப்பவரின் முகத்தை வரைந்து கொடுப்பார். சிலர் காசு கொடுத்தார்கள். சிலர் சோறு போட்டார்கள். சிலர் படுக்க இடம் கொடுத்தார்கள். கடைசிப் பகுதியை இரயிலில் கடந்து, மே மாதம் சுவீடன் சேர்ந்தார். பிற்காலத்தில் அங்கே ஓவிய ஆசிரியராகவும் பணியாற்றினார். பிறந்த நாட்டில் தொடக்கூடாதவன் என்று ஒதுக்கப்பட்டவரை, அவர் ஜாதியைக் கேட்காதவர்கள் வீட்டுக்குள் அழைத்துச் சோறிட்டார்கள்.

பெற்றோர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வழியில் சோறு போட்டவருக்கு அந்தக் கடனை எப்படித் திருப்பிக் கொடுப்பது? சைக்கிள்காரர் விடிந்ததும் போய்விடுகிறார். பெயர்கூட நினைவிருக்காது. ஆகவே கொடுத்தவருக்கே அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து நம் வாசலுக்கு வரும் அந்நியனுக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

நமக்கும் அந்தக் கடன் உண்டு. நம் பாட்டனும் பூட்டனும் நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது, அவர்களும் முகம் தெரியாதவர்கள்தான். லயத்தில் அடுத்த வீட்டுக்காரி கொடுத்த கஞ்சி, கம்போங்கிலிருந்து வந்த வாழைத்தார், கடன் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த சீனர் கடை: இதையெல்லாம் நம் வீடுகளில் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். அவர்களில் பலர் இன்று இல்லை. அந்தக் கடன் யாருக்குப் போகும்?

சுற்றிப் பாருங்கள். கித்தாக் காடு போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று தோட்டங்களில் குலை வெட்டுகிறார்கள். அவர்களுக்கும் ஊரில் தாய் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. ராம்நாத் பிஸ்வாஸ் பிறந்த சில்ஹெட் இன்று வங்காளதேசத்தில்தான் இருக்கிறது. அவர் மண்ணிலிருந்து வந்தவனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? கடை வாசலில் "டேய் பங்களா!" என்கிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் கேட்டுச் சிரிக்கிறது. நம்மையும் ஒரு காலத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை இந்த மேடையில் சொல்ல நான் விரும்பவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும், அது எப்படிச் சுடும் என்று.

பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கிளினிக்கில் பாரம் எழுதத் தெரியாமல் விழித்தால் எழுதிக் கொடுங்கள். ஈப்போ பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் நின்று காட்டுங்கள். தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொடுத்தால் நம் வீட்டில் ஒன்றும் குறைந்துவிடாது.

மாணவச் செல்வங்களே, ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அன்பு வேறு, ஏமாளித்தனம் வேறு. தெரியாத ஆள் கூப்பிட்டால் தனியாகப் போகக்கூடாது. உதவி செய்ய நினைத்தால் அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

நீங்களும் ஒருநாள் வெளியூர் போவீர்கள். 2007-இல் நம் காம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் திறந்ததிலிருந்து, எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் வந்து இங்கே வாடகை வீடுகளில் தங்கிப் படிக்கிறார்கள். நாளை நீங்களும் வேறோர் ஊரில் அப்படித்தான் நிற்பீர்கள். அன்று உங்கள் கையில் என்ன இருக்கும்? மஹானந்தியாவின் கையில் ஒரு பென்சில் இருந்தது. அதைப் போல் ஒரு தொழிலை, ஒரு கலையை, இன்னும் இரண்டு பாஷையை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். கிடைத்ததை மறக்காதீர்கள்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.