பழைய மிதிவண்டியும் நேரிய விலையும்



இலக்கியம் பேசும் மேடையில் பழைய மிதிவண்டியின் விலையைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். பேசலாம் என்பதே என் துணிபு. நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தை முடிக்கும் 120ஆம் குறளை வள்ளுவர் வணிகருக்கென்றே ஒதுக்கினார். பிறர் பொருளையும் தம் பொருளாகவே கருதிப் பேணுவதுதான் நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, வாங்குகையில் அளவு மிகாமலும் விற்கையில் அளவு குறையாமலும் நடந்தவர்கள் என்று அவர்களைப் போற்றுகிறது. அந்த அறம் நம் காலத்துப் பொருளொன்றின் விற்பனையில் எவ்வாறு நிற்கிறது என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்டது, 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்து, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட பந்தய மிதிவண்டி. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், எஃகுக் குழாய்களை இணைத்துச் செய்த இலேசான சட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். நமக்கும் அதற்கும் உறவு இல்லாமல் இல்லை. முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் சென்னையில் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கிய இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துக்கே, பந்தயச் சட்டங்களுக்குப் பெயர்போன ரெனால்ட்ஸ் குழாய்த் தொழிலும், 1960 முதல் ராலே நிறுவனமும் உரியனவாக இருந்தன. அம்பத்தூர் ஹெர்குலிஸில் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு அவ்வண்டிகள் தூரத்து உறவினர் போன்றவை.

இத்தகைய வண்டிகளை விரும்பி வாங்குவோர் இன்று பலர். 1997இல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள கயோலே என்னும் ஊரில் எரோய்கா என்ற பழைய மிதிவண்டி ஓட்டம் தொடங்கியது. பொதுவாக 1987ஆம் ஆண்டுக்கோ அதற்கு முன்போ செய்யப்பட்ட பந்தய வண்டிகளுக்கே அதில் இடம். கியர் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு வெளியே செல்ல வேண்டும். இவ்விதிகள், கொட்டகையில் துருவேறிக் கிடந்த வண்டிகளையும் தேடிச் செல்ல வைத்தன. தேடுவோர் பெருகும் இடத்தில் விலையைப் பற்றிய மயக்கமும் பெருகுவது இயல்பு.

முதல் மயக்கம், பழையது எல்லாம் விலையுயர்ந்தது என்பது. பழமை வேறு, அருமை வேறு. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மிதிவண்டிகள் விற்றன. ஷ்வின் நிறுவனத்தின் வார்சிட்டி போன்றவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. எடையும் ஏறத்தாழ 18 கிலோ. உறுதியான வண்டிதான், ஆயினும் ஐம்பது வயதாகிவிட்டது என்பதனாலேயே அது அரும்பொருள் ஆகிவிடாது.

இரண்டாம் மயக்கம், கேட்கும் விலையையே விலை என்று கொள்வது. விளம்பரத்தில் ஒருவர் எழுதும் தொகை அவருடைய விருப்பம். மற்றொருவர் அதைக் கொடுத்து வண்டியைக் கொண்டுசென்ற பிறகுதான் அது சான்றாகிறது. அந்தச் சான்றும், அதே வகை, அதே தரம், அதே நாடு, அண்மைக் காலம் என்னும் நான்கும் பொருந்தினால்தான் செல்லும். சட்டத்தின் அளவையும் மறத்தல் ஆகாது. மிக நெட்டையான ஒருவருக்காகச் செய்த சட்டத்துக்கு வாங்குவோர் சிலரே இருப்பர்.

இனி, வண்டியை எவ்வாறு நோக்குவது? பளபளப்பை விடுத்து முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயை ஒட்டி, மேற்குழாயின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் விரலால் தடவ வேண்டும். சிறு மடிப்போ மேடோ தட்டுப்பட்டால் வண்டி எங்கோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். அடுத்து, சீட்டைத் தாங்கும் தண்டு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல்லாண்டு கிரீஸ் இன்றிக் கிடந்தால் இரண்டும் இறுகிவிடும். அதை எடுக்கும் முயற்சியில் சட்டமே கெடுவதுண்டு.

பின்னர்க் குழாயின் தரம். ரெனால்ட்ஸ் 531 என்னும் கலப்பு எஃகு 1935இல் அறிமுகமாயிற்று. அதன் ஒட்டுமுத்திரை சட்டத்தில் இருப்பது மட்டும் போதாது. மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும் அவ்வெஃகு என்று கூறும் முத்திரை உண்டு; முன்போர்க்கும் பின்குழாய்களும் உள்ளிட்ட முழுச்சட்டமும் அதுவே என்று கூறும் முத்திரையும் உண்டு. இவ்விரண்டுக்கும் விலை ஒன்றன்று. புது முத்திரையை வாங்கிப் பழைய சட்டத்தில் ஒட்டவும் இயலும். ஆகவே வேறு சான்றும் வேண்டும். முழுச்சட்டமும் 531ஆல் ஆன பந்தய வண்டிகளில் சீட்டுத்தண்டின் விட்டம் பெரும்பாலும் 27.2 மி.மீ. இருக்கும், மிகவும் குறைந்திருந்தால் ஐயுறுவதே முறை.

உதிரிகளும் தம் வயதைத் தாமே சொல்லும். காம்பக்னோலோ நிறுவனம் 1967இல் வெளியிட்ட நுவோவோ ரெக்கார்டு கியர்க் கருவியில், 1970களில் செய்யப்பட்டவற்றின் மீது காப்புரிமைக் குறிப்போடு ஆண்டின் இரண்டு எண்கள் காணப்படும். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்றுவேக ஹப் பலவற்றில் ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் வயதும் உதிரிகளின் வயதும் இசைந்தால், வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. புது வண்ணம் பூசுவது கண்ணுக்கு இனிது. சேகரிப்போர் பலர் உரிந்த பழைய வண்ணத்தையே விரும்புவர்.

ஓட்டுவதற்கென வாங்குவோர் மற்றொன்றும் கருத வேண்டும். அக்காலத்து 27 அங்குலச் சக்கரத்தின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ.; இன்று பரவலாகக் கிடைக்கும் 700சி சக்கரத்துக்கு 622 மி.மீ. சக்கரத்தை மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கூடுதலாக எட்ட வேண்டும். எல்லாப் பிரேக்கும் எட்டாது. பழைய பிரெஞ்சு வண்டிகளின் மரைகள் தனி அளவின. உதிரி கிடைப்பது அரிது. இவையெல்லாம் விலையைக் குறைக்கும் நேர்மையான காரணங்கள்.

கணக்கு எளிது. செம்மையாக ஓடும் நிலையில் அதே வண்டி நூறு பங்குக்கு விற்கிறது என்று கொள்வோம். டயர், டியூப், செயின், கம்பிகள், ஓவராயில் கூலி ஆகியவற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஆகுமெனில் அதைக் கழிக்க வேண்டும். பொருந்தாத சக்கரம் ஒன்று இருந்தால் இன்னும் பத்து. மீதி அறுபத்தைந்தே பேச்சைத் தொடங்கத் தக்க தொகை. தாம் செலவழித்த தொகை முழுவதையும் விற்பவர் விலையோடு கூட்டிக்கேட்டல் பொருந்தாது. அவ்வண்டியில் தந்தையார் ஊர் சுற்றிய நினைவுக்கும் வாங்குபவர் பொருள் தர இயலாது. அது குடும்பத்தின் செல்வமாகவே நிற்கும்.

இக்கணக்கால் தீராத இடமும் ஒன்று உண்டு. ஓட்டியவர் இறந்தபின், மனைவியோ மக்களோ கொட்டகையைக் காலி செய்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு பழைய சைக்கிள். வந்து நிற்பவருக்கோ அதிலுள்ள கியர்க் கருவியும் கிராங்கும் பிரேக்கும் தனித்தனியே என்ன விலை போகும் என்பது தெரியும். நல்ல உதிரிகள் கொண்ட வண்டியைப் பிரித்து விற்றால் முழு வண்டியைவிடக் கூடுதலாகக் கிடைப்பது இத்தொழிலில் அறியப்பட்ட உண்மை. அவர் ஒன்றும் சொல்லாமல், கேட்ட சிறு தொகையைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். பொய் சொல்லவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. ஆயினும் அது நேரிய விலையா?

அறிவுக்கு ஊதியம் வேண்டாமா என்பர் சிலர். வேண்டும். வண்டியைத் தேடி வந்தது, பழுது பார்ப்பது, விற்காமல் போகும் இடரை ஏற்பது ஆகியவற்றுக்கு வணிகர் பங்கு பெறுவது முறையே. அப்பங்கு அவருடைய உழைப்புக்கு உரியது. எதிரே நிற்பவரின் அறியாமையை அவர் தம் முதலாக வைத்தல் ஆகாது. விற்பவருக்கும் இது பொருந்தும். மடிப்பு விழுந்த குழாயை வண்ணம் பூசி மறைத்து விற்பவர் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. இறக்கத்தில் விரையும் ஒருவரின் உயிரோடு விளையாடுகிறார்.

ஆகவே நான் பரிந்துரைக்கும் உரைகல் ஒன்றே. நான் அறிந்ததையெல்லாம் எதிரே நிற்பவரிடம் சொன்ன பின்னும் அவர் இவ்விலைக்கு இசைவாரா? இசைவார் எனில் அது நேரிய விலை. இசையார் எனில், அத்தொகை எவ்வளவு சிறியதாயினும் பெரியதாயினும், அதில் ஒரு பகுதி நமக்கு உரியதன்று. துலாக்கோலைக் கடைத்தெருவில் மட்டுமன்றி வீட்டுக் கொட்டகையிலும் தூக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.